கண்ணூர்க் கோட்டையும் எங்கள் உம்மாமாரின் வீடுகளும்



சென்ற விடுமுறையில் நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துக்குப் போய் வந்தோம். மூன்று சேர்மார், இரண்டு ரீச்சர்மார். படங்களைப் போட்டபோது கோட்டையைப் பற்றியும் தெய்யத்தைப் பற்றியும் தலச்சேரி பிரியாணியைப் பற்றியும்தான் எல்லோரும் கேட்டீர்கள். ஒரு தம்பி மட்டும் இன்பாக்ஸில் வந்து, "சேர், அங்கேயும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவாராமே, உண்மையா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இப்படி நீண்டுவிட்டது. பொறுமையோடு வாசியுங்கள்.

முதலில் கோட்டை. கண்ணூர் நகரத்திலிருந்து கடற்கரைப் பக்கமாகப் போனால் சென்ட் ஏஞ்சலோ கோட்டை வரும். கொழும்புப் பக்கத்தில் கபுக் கல் என்பார்களே, அந்தச் சிவப்புக் கல்லால் கட்டிய முக்கோணக் கோட்டை. மதிலில் ஏறி நின்றால் கீழே மீன்பிடித் துறைமுகம். அந்தக் குடாவுக்குப் பெயரே மாப்பிளக் குடா. அதன் ஒரு பக்கத்தில் இந்தக் கோட்டை, மறுபக்கத்தில் அறக்கல் அரண்மனை. ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. கண்ணூர் வரலாற்றின் பாதி அந்தக் குடாவின் இரு கரைகளுக்கும் நடுவில்தான் நடந்தது என்று சொல்லலாம்.

1505ஆம் ஆண்டு இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் போர்த்துக்கேயரின் முதல் வைசிராய் பிரான்சிஸ்கோ த அல்மேதா. பெயரைக் கேட்டதும் எங்களில் வரலாறு படிப்பிக்கும் சேர் நின்றுவிட்டார். எங்கள் பிள்ளைகள் பரீட்சைக்காகப் பாடமாக்குகிற "புயலில் அகப்பட்டு இலங்கைக்கு வந்த லொரன்சோ த அல்மேதா" இவருடைய மகன்தான். வாப்பா கண்ணூரில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், மகனைக் கப்பல்களோடு தெற்கே அனுப்பினார். எதற்கு? மலபார்க் கரையில் போர்த்துக்கேயர் காவல் நிற்பதால், முஸ்லிம் வணிகர்களின் கப்பல்கள் மாலைதீவுப் பக்கமாகச் சுற்றிப் போகத் தொடங்கியிருந்தன. அவற்றை மறிப்பதற்கு. மறிக்கப் போனவரைக் காற்று இலங்கைக் கரைக்குத் தள்ளியது. நமது பாடப்புத்தகத்தில் புயல் இருக்கிறது, கப்பல்கள் இருக்கின்றன. அவர் யாரைத் தேடிப் புறப்பட்டார் என்ற வரி பிள்ளைகளின் மனதில் நிற்பதில்லை. படிப்பிக்கும் நாங்களும் அதை அழுத்திச் சொன்னதில்லை.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். கடலில் போகிற எந்தக் கப்பலும் போர்த்துக்கேயரின் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 1507இல் கண்ணூர்க் கரைக்கு அருகே ஒரு கப்பலைப் பிடித்தார்கள். அந்தக் கப்பலில் சீட்டு இருந்தது. அது பொய்ச் சீட்டு என்று சொல்லிக் கப்பலை மூழ்கடித்து, அதிலிருந்தவர்களைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்துக் கடலில் போட்டார்கள். மையித்துகள் கண்ணூர்க் கரையில் ஒதுங்கின. அவற்றுள் ஊரின் பெரும் வணிகர் ஒருவரின் உறவுப் பிள்ளையும் இருந்தார். ஊரே கொதித்தது. கோலத்திரி அரசரும் கோழிக்கோட்டுச் சாமூதிரியும் சேர்ந்து கோட்டையைச் சுற்றி வளைத்தார்கள். நான்கு மாத முற்றுகை. உள்ளே இருந்தவர்கள் பசியால் வாடிப்போயிருந்த நேரத்தில் போர்த்துக்கல்லில் இருந்து ஒரு கப்பற்படை வந்து சேர்ந்து அவர்களைக் காப்பாற்றிவிட்டது.

மதிலோரம் நின்று இதைப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் நினைவு மட்டக்களப்புக் கோட்டைக்குப் போனது. அதுவும் போர்த்துக்கேயர் கட்டியதுதான், 1628இல். அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1626இல், போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி அரசன் செனரத் இடம் கொடுத்தான். நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸே எழுதி வைத்திருக்கிறார். கண்ணூரில் தொடங்கிய விரட்டல் எங்கள் கரைக்கு வந்து சேர நூற்றிருபது வருடம் எடுத்திருக்கிறது.

கோட்டை 1663இல் ஒல்லாந்தர் கைக்குப் போனது. உள்ளே ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஒல்லாந்தத் தளபதி வேயர்மேன் என்பவரின் மனைவி சுசன்னா, 1745இல், தன் இரண்டு பிள்ளைகளோடு அடக்கப்பட்டிருக்கிறாள். வயது 17. எங்கள் ரீச்சர்மார் இருவரும் அந்தக் கல்லடியில்தான் அதிக நேரம் நின்றார்கள். அந்த வயதில் எங்கள் பிள்ளைகள் உயர்தரம் படிக்கிறார்கள்.

1772இல் ஒல்லாந்தர் இந்தக் கோட்டையை விற்றார்கள். வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? எதிர்க்கரை அறக்கல் குடும்பத்து அலி ராஜா. முஸ்லிம் வணிகர்களின் கடலை அடைப்பதற்குக் கட்டிய கோட்டையை 267 வருடம் கழித்து ஒரு முஸ்லிம் குடும்பம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. ஆனால் அந்தச் சந்தோசம் பதினெட்டு வருடம்தான். 1790இல் ஆங்கிலேயர் வந்து பிடித்தார்கள். அப்போது அறக்கல் ஆட்சியில் இருந்தவர் ஒரு பெண்.

இங்கேதான் தம்பியின் கேள்விக்கான பதில் தொடங்குகிறது.

கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச குடும்பம் அறக்கல். அந்தக் குடும்பத்தில் மூத்தவர் யாரோ அவரே தலைவர். ஆணா பெண்ணா என்ற கணக்கு இல்லை. ஆணாக இருந்தால் அலி ராஜா, பெண்ணாக இருந்தால் அறக்கல் பீவி. வம்சம் உம்மா வழியாக ஓடும். 1777 முதல் 1819 வரை ஆண்டவர் ஜுனுமாபே பீவி. நாற்பத்திரண்டு வருடம்! 1783இல் ஆங்கிலேயத் தளபதி மக்லியோட் வந்து கண்ணூரைப் பிடித்தான், 1790இல் அபர்குரோம்பி வந்து பிடித்தான். நடுவில் 1789இல் திப்பு சுல்தான் வந்து, தன் மகனுக்குப் பீவியின் மகளைப் பேசிவிட்டுப் போனார். இத்தனைக்கும் நடுவில் பீவி இருந்தார், பேசினார், ஒப்பந்தம் எழுதினார், இலட்சத்தீவுகளின் உரிமையை விடாமல் இழுபறிப்பட்டார். அவருடைய காலத்துக்கு அரை நூற்றாண்டு முன்பும் அதே பெயரில் ஒரு பீவி ஆண்டிருக்கிறார். மிக அண்மையில், 2021இல் காலமான மரியும்மா பீவி இந்தக் குடும்பத்தின் 39ஆவது தலைவர்.

இந்த வம்சம் எப்படி உண்டானது என்பதற்குக் கதைகள் பல. குளத்தில் மூழ்கப்போன கோலத்திரி இளவரசியை ஒரு முஸ்லிம் இளைஞன் கைகொடுத்துக் காப்பாற்றினான், மானம் மறைக்கத் தன் துணியையும் கொடுத்தான், துணி கொடுத்தவனையே அரசர் மாப்பிள்ளையாக்கி இடமும் கொடுத்தார் என்பது ஒன்று. கோலத்திரியின் அமைச்சராக இருந்த ஒரு நாயர் இஸ்லாத்துக்கு வந்தார் என்பது இன்னொன்று. எந்தக் கதையை எடுத்தாலும் அந்த வீடு அயலவரின் சம்பந்தத்தோடு எழும்பிய வீடு என்பது மட்டும் மாறவில்லை.

அரண்மனையின் தர்பார் மண்டபம் இப்போது அருங்காட்சியகம். மரத் தளமும் ஓட்டுக் கூரையுமாக, அரண்மனை என்பதைவிட வசதியான ஒரு வணிகர் வீடு மாதிரித்தான் இருக்கிறது. எங்களுக்கு அது பிடித்திருந்தது.

அதைச் சுற்றியிருப்பது கண்ணூரின் பழைய முஸ்லிம் பகுதி. ஊர்க்காரர் "சிட்டி" என்பார்கள். அங்கே அறிமுகமான ஒருவர் தம் மனைவியின் வீட்டுக்குக் கூட்டிப் போனார். "மனைவியின் வீடு" என்று அவரே சொன்னார். அறுபது வயது இருக்கும். பேரப்பிள்ளைகளும் உண்டு. அந்த வீட்டில் அவரை இன்றைக்கும் "புதியாப்ள" என்கிறார்கள். வந்த நாளில் புதியாப்ள, முடி நரைத்த பிறகும் புதியாப்ள. எங்கள் சேர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எங்கட வீட்டிலயும் இதே நிலைமைதான், பேர் மட்டுந்தான் வேற" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வீட்டின் தலைவி எழுபது தாண்டிய ஓர் உம்மா. மெதுவாக மலையாளம் பேசினார், நாங்கள் மெதுவாகத் தமிழ் பேசினோம். விளங்காத இடம் மிகக் குறைவு. மூத்த சகோதரனுக்கு அவர்களும் காக்கா என்கிறார்கள், மூத்த சகோதரிக்குத் தாத்தா என்கிறார்கள். பெரிய வீட்டில் ஒவ்வொரு மகளுக்கும் ஓர் அறை. கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளை அந்த அறைக்கு வருகிறார். அவருடைய வேர் அவருடைய உம்மாவின் வீட்டில், அவருடைய சகோதரிகளிடத்தில். முட்டைமாலை என்று ஒரு பலகாரம் தந்தார்கள். முட்டை மஞ்சட்கருவைச் சீனிப்பாகில் நூல் நூலாக விட்டு எடுப்பது. போர்த்துக்கேயரிடமும் இதே பலகாரம் இருக்கிறது. சண்டை பிடித்தவர்களிடமிருந்தும் சமையல் வந்து சேர்ந்துவிடுகிறது.

உம்மா எங்களைப் பார்த்துக் கேட்டார்: "நிங்ஙளெ நாட்டில் வீடு ஆர்க்கா?" உங்கள் ஊரில் வீடு யாருக்கு? நாங்கள் ஒரே குரலில் "மகளுக்கு" என்றோம். ஒரு ரீச்சர் மட்டும் வாய் திறக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

நம்மில் பலருக்கு இந்த இடத்தில் மனதில் ஒரு கேள்வி வரும். இது மார்க்கத்துக்கு ஒத்துவருமா? புதிய கேள்வி இல்லை. நானூறு வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். கேட்டவர் சாதாரண ஆளும் இல்லை. பொன்னானியின் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம். நமது அரபு மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கிற ஷாபி மத்ஹபு நூலான பத்ஹுல் முயீனை எழுதிய அதே மக்தூம்தான். போர்த்துக்கேயரின் அநியாயங்களைப் பதிந்து அவர் எழுதிய வரலாற்று நூல் துஹ்பதுல் முஜாஹிதீன். அதில் நாயர்களின் தாய்வழி வாரிசு முறையை விவரித்துவிட்டு, கண்ணூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள முஸ்லிம்களில் அதிகமானோரும் இதையே பின்பற்றுகிறார்கள் என்று எழுதுகிறார். குர்ஆனை அழகாக ஓதுகிறார்கள், மனனம் செய்கிறார்கள், கல்வி தேடுகிறார்கள், தொழுகிறார்கள், அப்படியிருந்தும் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய பங்கைச் சகோதரியின் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களே என்பது அவருடைய வியப்பு. வருத்தமும்கூட.

அவருடைய வருத்தம் நியாயமானது என்றே நாங்கள் நினைக்கிறோம். மருமக்கத்தாயம் என்ற அந்த முறையில் சொத்து தறவாட்டுக்குச் சொந்தம். தறவாடு என்றால் ஒரு மூத்தம்மாவின் வழியில் வந்த எல்லோரும் அடங்கிய கூட்டுக் குடும்பம். அதைப் பிரிக்க முடியாது. நிருவகிப்பவர் காரணவர் என்ற மூத்த மாமா. ஒருவர் சுயமாகச் சம்பாதித்ததும் அவர் மௌத்தானபின் அவருடைய பிள்ளைகளுக்குப் போகாமல் தறவாட்டுக்குப் போகிற நிலை இருந்தது. மலபார் அன்று சென்னை மாகாணத்தின் பகுதி. 1918இல் வந்த மாப்பிள வாரிசுரிமைச் சட்டம் சுயசம்பாத்தியத்தை இஸ்லாமிய முறைப்படி பங்கிட வழி செய்தது. 1938ஆம் ஆண்டின் மாப்பிள மருமக்கத்தாயச் சட்டம் தறவாட்டைப் பிரித்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. பெரிய வீடுகள் உடையத் தொடங்கியது அப்படித்தான். சிட்டியில் நடக்கும்போது பழைய தறவாட்டு வீடு இருந்த இடத்தில் புதிய மாடிவீடுகள் எழும்புவதைக் கண்டோம். ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டில் இருப்பது இன்னும் நிற்கிறது. சட்டம் சொத்தைப் பிரித்தது, உம்மாவையும் மகளையும் பிரிக்கவில்லை.

ஏன் நிற்கிறது? எங்களுக்குப் பட்ட காரணம் கடல். கப்பலேறிய ஆண் ஒரு பருவக் காற்றில் போய் அடுத்த பருவக் காற்றில்தான் வருவான். சில பேர் வரவே மாட்டார்கள். அந்த நிலையில் பெண் பிள்ளையை அந்நிய வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருப்பதைவிட உம்மாவின் நிழலில் வைத்திருப்பது புத்தி. இலட்சத்தீவு முஸ்லிம்களிடமும் தாய்வழி முறை உண்டு. காயல்பட்டினத்திலும் வீடு மகளுக்குத்தான். சுமாத்திராவின் மினாங்கபாவு முஸ்லிம்களும் இப்படியே. இப்போது பாய்க்கப்பல் இல்லை, விமானம். கண்ணூரிலும் ஆண்கள் துபாயில், எங்கள் ஊரிலும் ஆண்கள் கட்டாரில். வீட்டில் இருப்பது அன்றும் இன்றும் உம்மாவும் மகளும்.

கோயில்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். தளிப்பறம்பில் இராஜராஜேஸ்வரர் கோயில், காட்டுக்குள் ஆற்றுக்கு அக்கரையில் வருடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் மட்டுமே வழிபாடு நடக்கிற கொட்டியூர், தலச்சேரியில் ஸ்ரீ நாராயண குரு 1908இல் பிரதிஷ்டை செய்த ஜகந்நாதர் கோயில் என்று மாவட்டம் நிறையக் கோயில்கள். எல்லாவற்றுக்கும் நாங்கள் போகவில்லை. தலச்சேரியில் ஆங்கிலேயரின் 1708ஆம் ஆண்டுக் கோட்டையையும், ஒல்லாந்தரின் கரும்புத் தோட்டம் இருந்த நிலத்தில் மூஸா என்ற வணிகர் கட்டிய, செப்புத் தகட்டுக் கூரை போட்ட ஓடத்தில் பள்ளியையும் பார்த்தோம். ளுஹரை அங்கே தொழுதோம்.

ஆனால் பறஸ்ஸினிக்கடவுக்குப் போனோம். வளபட்டணம் ஆற்றங்கரையில் இருக்கிற முத்தப்பன் மடப்புரை. மற்றத் தெய்யங்கள் ஐப்பசியில் தொடங்கி இடவப்பாதி மழையோடு முடியும். முத்தப்பன் மட்டும் வருடம் முழுக்க உண்டு. யாரும் போகலாம், சாதி சமயம் கேட்பதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அவித்த பயறும் தேங்காய்ச் சொட்டும் தேநீரும் கொடுக்கிறார்கள். அங்கே நாய்களுக்கு மரியாதை. விரட்டக்கூடாது. எங்கள் சேர் ஒருவர் களிசானின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாய்களுக்கு நடுவில் நடந்த காட்சியை வீடியோ எடுத்திருக்கிறோம். அவர் அனுமதித்தால் போடுவோம்.

தெய்யம் பார்க்கப் போனது சரியா என்று சிலர் கேட்பீர்கள். வணங்கப் போகவில்லை, பார்க்கப் போனோம், ஒதுங்கி நின்றோம். நின்ற இடத்தில் அறிந்துகொண்டதைச் சொல்கிறோம். தெய்யம் கட்டி ஆடுபவர்கள் ஒரு காலத்தில் தாழ்த்தி வைக்கப்பட்ட வண்ணான், மலையன் போன்ற சமூகத்தவர். ஆடுகிற நேரத்தில் நிலக்கிழாரும் அவர் முன் கைகட்டி நிற்க வேண்டும். தன் முன்னால் வருகிற ஒவ்வொருவரையும் தெய்யம் ஒரு முறைப்பெயர் சொல்லித்தான் கூப்பிடும். முஸ்லிம் வந்தால் "மாடாயி நகரே" என்கிறது. மாடாயி இந்த மாவட்டத்தின் பழைய பள்ளிவாசல் ஊர்களில் ஒன்று. மாலிக் இப்னு தீனாரும் அவர் கூட்டத்தாரும் அமைத்த ஆரம்பப் பள்ளிகளில் ஒன்று அங்கே என்று மலபார் முஸ்லிம்கள் நம்புகிறார்கள். ஒரு கோயில் ஆட்டத்தின் பேச்சுக்குள்ளேயே பள்ளிவாசல் ஊரின் பெயர் மரியாதைச் சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. பப்பிரியன் என்று ஒரு தெய்யமும் உண்டு. கடல் கடந்து வந்த தேவியின் மரக்கலத்தில் துணைவந்த முஸ்லிம் மாலுமியாம்.

கண்ணூரை நாங்கள் சுவனமாக்கிச் சொல்லவில்லை. அரசியல் கொலைகளால் பெயர் கெட்ட மாவட்டமும் அதுதான். அப்படியிருந்தும் அந்த முறைப்பெயர் மாறவில்லை.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். அம்பாறை, மட்டக்களப்புக் கரையில் தமிழருக்கும் குடி உண்டு, நமக்கும் குடி உண்டு. இரு பக்கமும் குடி உம்மா வழியில்தான் வரும். வாப்பாவின் குடியில் பிள்ளை சேராது. பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி என்று பெண்ணின் பெயரோடேயே குடிகள் இருக்கின்றன. பள்ளிவாசல் நிருவாகத்துக்கு ஒவ்வொரு குடியிலிருந்தும் ஒரு மரைக்கார். மட்டக்களப்பு முக்குவரின் தாய்வழிச் சட்டத்தோடும் அதன் வழியாகக் கேரளக் கரையோடும் இது தொடர்புடையது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அக்கரைப்பற்றில் வருடக்கணக்காக இருந்து ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டெனிஸ் மக்கில்வ்ரேயின் பெரிய நூல் 2008இல் வந்தது. அதற்காக நாமெல்லோரும் கண்ணூரிலிருந்து வந்தவர்கள் என்று யாரும் பதிவு போடவேண்டாம். மலபார், காயல், அரபு, உள்ளூர் என்று பல ஆறுகள் கலந்த களப்பு நாம்.

அயலவரோடு பகிர்ந்துகொண்ட முறை இது என்பதை மட்டும் மறந்துவிட்டோம். கோயில் தீமிதிப்புக்கு எங்கள் வாப்பாமார் போய் வீதியோரம் நின்ற காலம் இருந்தது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குத் தமிழ்ச் சனம் நேர்ச்சையோடு வந்த காலம் இருந்தது. 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்ட பிறகு இரு பக்கமும் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். குடி என்ற சொல்லை மட்டும் இரு பக்கமும் இன்னும் வைத்திருக்கிறோம்.

அந்தச் சொல்லும் தேய்கிறது. கலியாணப் பேச்சில் குடி கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மாறாக, வீடு எத்தனை சதுர அடி, மாடி உண்டா, டைல்ஸ் போட்டதா என்று கேட்கிறோம். முன்பு உம்மா இருந்த வளவில் மகளுக்கு ஒரு வீடு எழும்பும், களிமண் வீடாக இருந்தாலும் மகளுடைய வீடு. உறுதி அவள் பெயரில். கணவன் கோபித்தால் அவன்தான் வெளியே போகவேண்டும், அவள் போக வேண்டியதில்லை. அது ஒரு பெரிய பாதுகாப்பு. நாமோ அதற்கு விலைப் பட்டியல் போட்டு, வீடு கட்ட முடியாத வாப்பாவின் பிள்ளைகளை முப்பது முப்பத்தைந்து வயது வரை வீட்டில் இருத்தி வைத்திருக்கிறோம். காக்காமார் கட்டாரில் கிடந்து கட்டுகிறார்கள். சீதனத்தை எதிர்த்து நடக்கிற பிரசாரங்களோடு நாங்களும் நிற்கிறோம். ஆனால் சிலர் சீதனத்தோடு சேர்த்து மகள் பெயரில் வீடு இருப்பதையும் எடுத்தெறியச் சொல்கிறார்கள். அந்த இடத்தில்தான் எங்களுக்கு உடன்பாடு இல்லை. வாழும்போது மகளுக்கு மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பும், மௌத்தானபின் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி நடக்கும் பங்கீடும் வேறு வேறு. மற்றப் பிள்ளைகளுக்கு அநீதி வராமல் கொடுப்பது எப்படி என்பதை உலமாக்கள் சொல்லட்டும்.

வாய் திறக்காத ரீச்சரின் கதைக்கு வருகிறோம். திரும்பி வரும்போது ரெயிலில் சொன்னார், எழுதவும் சம்மதித்தார். அவருடைய உம்மாவின் வீடு கடற்கரையில் இருந்தது. மூத்தம்மா உம்மாவுக்குக் கொடுத்தது. உம்மா அதை ரீச்சருக்கு என்று வைத்திருந்தார், உறுதி எழுதவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டையும் எடுத்தது, உம்மாவையும் எடுத்தது. பிறகு ஒரு வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்ற இடத்தில் வாப்பாவின் பெயர். வீடும் வாப்பாவின் பெயரில். எங்கள் கரையில் எத்தனையோ வீடுகளுக்கு இதுதான் நடந்தது. படிவம் தயாரித்தவர்களுக்கு இந்தக் கரையில் வீடு யாருடையது என்று தெரிந்திருக்கவில்லை, நாமும் சொல்லவில்லை. கிடைத்த நேரத்தில் கூரை ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தோம்.

சில வருடங்களுக்கு முன் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார். இப்போது வீடு நாலு பிள்ளைகளுக்கு. மூன்று காக்காமாரும் கலியாணம் முடித்து மனைவியரின் வீடுகளில் இருக்கிறார்கள். இரண்டு காக்காமார் தங்கள் பங்கைத் தங்கச்சிக்கு எழுதிக் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது காக்கா இன்னும் வைக்கவில்லை. மார்க்கப்படி அவருடைய பங்கு அவருக்கு உரியது, அதில் ரீச்சருக்கும் மறுபேச்சு இல்லை. "ஆனா சேர், அந்த உம்மா கேட்டபோது என்னால 'மகளுக்கு' என்று சொல்ல வாய் வரல்ல" என்றார்.

எங்கள் பாடசாலையில் தரம் 10 பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சிறு வேலை தொடங்கியிருக்கிறோம். மூத்தம்மாமாரின் பெயரில் எழுதப்பட்ட பழைய சீதன உறுதிகள் உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தால், முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். காணி விபரத்தை மறைத்துவிடலாம். எழுதிய வருடமும், கொடுத்தவர் வாங்கியவர் என்ன முறை என்பதும், எந்தக் குடி என்பதும் தெரிந்தால் போதும். சுனாமியில் உறுதி போனவர்கள், நினைவில் இருப்பதை உம்மாவிடமோ சாச்சியிடமோ கேட்டு எழுதி அனுப்புங்கள். படிவத்தில் யார் பெயர் போட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.